பழைய காரை எப்போது மாற்றுவது, கையைக் கடிக்காமல் எப்படி மாற்றுவது?

கேள்வி இதுதான்: 14 ஆண்டு ஓடிய பெட்ரோல் கார், ஓடோமீட்டரில் 1,80,000 கிலோமீட்டர். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், முன்பக்க சஸ்பென்ஷன், ஏ.சி. கம்ப்ரஸர் ஆகியவற்றை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவர் சொல்லும் தொகை, காரை இன்று விற்றால் கிடைக்கும் விலையில் பாதியைத் தாண்டுகிறது. புதுக் கார் வாங்க வசதியில்லை. இருக்கும் காருக்கே செலவு செய்வதா, விற்றுவிட்டு வேறொன்று வாங்குவதா? பழுதுச் செலவு காரின் மதிப்பில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும் என்று பலரும் சொல்வதையும் கேட்டவர் குறிப்பிட்டிருக்கிறார். அந்த விதியிலிருந்தே தொடங்குகிறேன். பலருடைய பணம் வீணாவது அங்கேதான்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற நியாயத்தின் மேல் நிற்பதால் அந்த விதி கேட்டவுடன் சரியாகத்தான் தோன்றும். ஆனால் காரின் சந்தை மதிப்பு என்பது வேறொருவர் அதற்குத் தர முன்வரும் விலை. அந்தக் கார் அடுத்த இரண்டு ஆண்டுகளில் உங்களுக்குச் செய்யப்போகும் வேலையின் மதிப்பு அதில் இல்லை. கார் பழசாகப் பழசாகச் சந்தை மதிப்பு இறங்கிக்கொண்டே போகும். உதிரிபாகத்தின் விலையும் மெக்கானிக்கின் கூலியும் அதோடு சேர்ந்து இறங்குவதில்லை. ஆகவே, போதிய வயதாகிவிட்ட எந்தக் காருக்கும் நான்கு டயர் மாற்றுவதுகூட ஒரு கட்டத்தில் இந்த விதியை மீறிய செலவாகிவிடும். நான்கு டயருக்காக யாரும் காரை விற்பதில்லை. பழுதுச் செலவை ஒப்பிட வேண்டியது, இந்தக் கார் போனால் அதன் இடத்தில் வரப்போகும் காருக்கு ஆகும் செலவோடுதான். அதிலும் இன்றைய ஒரு நாளின் செலவை மட்டும் பார்க்காமல், வருகிற 24 மாதங்களில் இந்த வழியில் எவ்வளவு இழப்பு, அந்த வழியில் எவ்வளவு இழப்பு என்று எழுதிப் பார்க்க வேண்டும்.

எந்த நாட்டு நாணயமாக இருந்தாலும், உங்கள் காரின் இன்றைய விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக் சொன்ன வேலைகளுக்கு 55. இரண்டு ஆண்டுகளில் இன்னும் சில பழுதுகள் வரும். அதற்கு 30 ஒதுக்குங்கள். இந்த இரண்டு ஆண்டுகளில் காரின் விலை இன்னொரு 30 குறையட்டும். மொத்தம் 115. இப்போது மறுபக்கம்: ஐந்து வயதான ஒரு காரின் விலை 500. பழைய காரை விற்ற 100 போக, 400-ஐ ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் நான்கு ஆண்டுக் கடனாக வாங்குகிறீர்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் மட்டும் ஏறக்குறைய 63 வட்டியாகப் போகும். வாங்கிய கார் அதே காலத்தில் 110 அளவுக்கு மதிப்பிழக்கும் என்று கொள்ளலாம். பெயர் மாற்றம், வரி, கூடுதல் இன்சூரன்ஸ் ஆகியவற்றுக்கு ஒரு 30. வாங்கியதும் செய்தாக வேண்டிய சர்வீஸ், டயர், பேட்டரி போன்றவற்றுக்கு இன்னொரு 30. கூட்டினால் 233. விதிப்படி விற்றிருக்க வேண்டிய கார், வைத்துக்கொண்டால் பாதிச் செலவில் முடிகிறது.

இந்த எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் போட்டவை. உங்கள் ஊர் விலைகளையும் வட்டியையும் இட்டு இதே கணக்கை நீங்களே போட வேண்டும். போடும்போது இரண்டு வழிக்கும் பொதுவான பெட்ரோல், பார்க்கிங் போன்றவற்றை விட்டுவிடலாம். ஆனால் மதிப்பிழப்பை மட்டும் விட்டுவிடக் கூடாது. மாதாமாதம் கையிலிருந்து போகாததால் அது கண்ணில் படுவதில்லை. விற்கும் நாளன்று மொத்தமாக வந்து நிற்கும். பழைய காரின் பெரிய வலிமையே, இழக்க வேண்டியதில் பெரும்பகுதியை அது ஏற்கெனவே இழந்து முடித்துவிட்டது என்பதுதான்.

மெக்கானிக் சொன்ன நான்கு வேலைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்க்கக் கூடாது. அவற்றில் ஒன்றைத் தள்ளிப்போடவே முடியாது, ஒன்றைத் தாராளமாகத் தள்ளிப்போடலாம். டைமிங் பெல்ட் என்பது என்ஜினின் கீழே சுற்றும் கிராங்க் ஷாஃப்டையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை. அது அறுந்தால், பல என்ஜின்களில், திறந்த நிலையில் நின்றுவிட்ட வால்வின் மேல் பிஸ்டன் வந்து மோதும். ஒரு பட்டைக்கான செலவு அந்த நொடியில் என்ஜினுக்கான செலவாக மாறிவிடும். பட்டைக்கு அறுவதற்கு முன் சத்தம் போடும் வழக்கமும் இல்லை. அதன் ஆயுள் காருக்குக் கார் மாறும். பலவற்றில் 1,00,000 கிலோமீட்டரை ஒட்டியோ, ஓட்டம் குறைவாக இருந்தால் குறிப்பிட்ட ஆண்டுக் கணக்கிலோ மாற்றச் சொல்லியிருப்பார்கள். உங்கள் காரின் கையேட்டில் எழுதியிருப்பதே இறுதி. அதே பட்டை பல கார்களில் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. இரண்டுக்கும் ஒரே இடத்தைத்தான் பிரிக்க வேண்டும் என்பதால், கூலியை இரண்டு முறை கொடுக்காமல் பம்பையும், பட்டையை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றச் சொல்லும் மெக்கானிக் நியாயமானவர்தான்.

சஸ்பென்ஷன் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. சக்கரப் பகுதியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்ட் தளர்ந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். புஷ்களும் ஷாக் அப்சார்பரும் மட்டும் என்றால் சில வாரம் பொறுக்கலாம், ஆனால் அவை டயரைத் தின்றுவிடும். ஏ.சி. கம்ப்ரஸரை இன்னொரு பட்டறையிலும் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். வாயு கசிந்திருந்தாலும், கம்ப்ரஸரின் கிளட்ச் மட்டும் போயிருந்தாலும், மின் இணைப்பில் கோளாறு இருந்தாலும் குளிர் வராது. இவை எல்லாமே முழுக் கம்ப்ரஸரை விடச் செலவு குறைந்தவை. மழையிலும் பனியிலும் கண்ணாடியில் படியும் ஈரத்தை விரைவாகப் போக்குவது ஏ.சி.தான் என்பதால் அதை வெறும் சொகுசு என்று ஒதுக்கவும் முடியாது; ஆனாலும் அது காத்திருக்கக்கூடிய வேலை.

தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பாகங்கள் உண்டு: பிரேக் பேட், டயர், பேட்டரி, கிளட்ச், ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ்கள், ரேடியேட்டர் ஹோஸ்கள். இவை தேய்ந்ததற்காகக் காரை மாற்றுவது பெரும்பாலும் நட்டமே. பத்து முதல் பதினைந்து வயதுக்குள் இவற்றில் பல ஒரே பருவத்தில் முறை வந்து நிற்பதால், ‘ஒன்று முடிந்தால் இன்னொன்று’ என்ற அலுப்பு தோன்றும். அந்த அலுப்பில், எல்லாவற்றையும் மாற்றி முடித்த கையோடு காரை விற்றுவிடுகிறவர்கள் நிறைய. செலவு செய்தது ஒருவர், பலனை அனுபவிப்பது வாங்கியவர்.

காரின் ஆயுளை உண்மையிலேயே முடித்துவைப்பவை வேறு. முதலாவது துரு. கதவின் ஓரத்திலோ பானெட்டிலோ தெரியும் துரு அழகைக் கெடுக்கும், அவ்வளவுதான். அடிப்பகுதியின் துருவே முக்கியம். காரை லிஃப்டில் ஏற்றி, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் அடிச்சட்டம், ஜாக்கி வைக்கும் இடங்கள், சஸ்பென்ஷன் உடலோடு சேரும் இடங்கள், தரைத்தகடு ஆகியவற்றை மெக்கானிக்கை ஒரு ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும்; உள்ளே அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும், முனையால் அழுத்தினால் பெயிண்டும் ரப்பர் பூச்சும் உள்வாங்கி, பழுப்பு நிறச் செதில்கள் உதிரும். சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்தில் அப்படி உதிர்ந்தால் அந்தக் காருக்கு மேற்கொண்டு எந்தச் செலவும் செய்ய வேண்டாம். மோதல் வந்தால் உள்ளே இருப்பவர்களைக் காக்க வேண்டிய சட்டகமே அதுதான்.

இரண்டாவது, என்ஜினின் உள் தேய்மானம். இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் ஆறிய பிறகு ஆயில் அளவுக் கம்பியில் மேல் குறி வரை ஆயிலை நிரப்புங்கள். ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி மேல் குறிக்குக் கொண்டுவர எவ்வளவு ஆயில் தேவைப்பட்டது என்று அளந்து பாருங்கள். இடையில் அளவு கீழ்க்குறியை நெருங்குகிறதா என்பதையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே கசிவு இல்லாமல் 1 லிட்டரை நெருங்கினால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை எரிபொருள் மிகையாகப் போவதைக் காட்டுகிறது, அது பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. என்ஜின் சூடேறிய பிறகும் இனிப்பு வாடையோடு வெண்புகை தொடர்ந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எரிகிறது, என்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் போன்ற படலம் இருந்தாலே ஹெட் கேஸ்கட் என்று பயமுறுத்துவார்கள். குளிர்காலத்தில் குறுகிய தூரமே ஓடும் காரிலும் ஈரம் சேர்ந்து அப்படிப் படியும். கூலன்ட் குறைகிறதா, என்ஜின் சூடாகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும். சந்தேகம் நீங்கக் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். எல்லா சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் காட்டினால் என்ஜினுக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

தானியங்கி கியர் பாக்ஸ் வழுக்கத் தொடங்குவது, அதாவது என்ஜின் வேகம் ஏறியும் கார் முன்னேறத் தயங்குவது, மூன்றாவது. அதன் ஆயில் கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் செலவு பெரிதாகத்தான் இருக்கும். வெள்ளத்தில் நின்ற காரின் மின்கம்பிகள் நான்காவது. அங்கே பழுதுகள் முடிவதே இல்லை. உற்பத்தி நின்று நெடுநாளாகி, உதிரிபாகத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய மாடலாக இருந்தால் அதையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். இவற்றில் ஏதேனும் ஒன்று வந்துவிட்டால், மேலே போட்ட 115 ஒரே பில்லில் 233-ஐத் தாண்டிவிடும். அப்போது மாற்றுவதே சிக்கனம்.

பாதுகாப்பு மட்டும் இந்தப் பணக் கணக்குக்குள் அடங்காது. வளைவிலும் ஈரச் சாலையிலும் கார் கட்டுப்பாடிழந்து சறுக்கும்போது தனித்தனிச் சக்கரமாகப் பிரேக் பிடித்து நேராக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்தும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது. அந்த வசதியோ, பக்கவாட்டு ஏர்பேகோ இல்லாத காரில் குழந்தைகளோடு அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவர் என்றால், கார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் மாற்றுவதற்கு அதுவே போதிய காரணம் என்பேன். வாரத்தில் சில முறை ஊருக்குள் மெதுவாக ஓட்டுகிறவருக்கு அந்த அவசரம் இல்லை. எந்த நிலையிலும் உடனே செய்யக்கூடிய ஒன்று உண்டு: காரின் 17 எழுத்து அடையாள எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுத்து, திரும்ப அழைப்பு (குறையுள்ள பாகத்தை மாற்றத் தயாரிப்பாளர் காரை வரவழைப்பது) ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். டகாட்டா நிறுவனத்தின், ஏர்பேக்கை விரியவைக்கும் இன்ஃப்ளேட்டர்கள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்ததால் வெடிமருந்து சிதைந்து, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்து உயிர்களைப் பறித்தன. உலகெங்கும் கோடிக்கணக்கில் அவை திரும்ப அழைக்கப்பட்டன. மாற்றப்படாமல் ஓடும் பழைய கார்கள் இன்னும் இருக்கின்றன. திரும்ப அழைப்பு வேலைக்குப் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை.

எரிபொருள் மிச்சமாகும் என்று சொல்லிக் காரை மாற்றுகிறவர்கள் ஒரு சிறு கணக்கைப் போடுவது நல்லது. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் காரை விட்டு 18 தரும் காருக்கு மாறினால், 1,000 லிட்டருக்குப் பதிலாக 667 லிட்டர் போதும். மிச்சம் 333 லிட்டர். அதன் விலையை 12-ஆல் வகுத்து மாதத் தவணைக்குப் பக்கத்தில் எழுதினால், மாதத் தவணையின் ஒரு மூலையைத்தான் அது நிரப்பும். ஓட்டம் மிக அதிகமாக இருப்பவர்களுக்கு மட்டுமே இந்தக் காரணம் செல்லுபடியாகும்.

இனி, எப்போது என்ற கேள்வி. சாலையோரத்தில் நின்றுவிட்ட காரை வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை வேலைக்குப் போக வண்டி வேண்டுமே என்ற நெருக்கடியில் வாங்கப்படும் கார்தான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்தது. தேடவும் பேரம் பேசவும் சோதிக்கவும் நேரமில்லை. கிடைத்த வட்டிக்குக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஓடாத காருக்குக் கிடைப்பதோ பழைய இரும்பு விலை. அதனால் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு காரியங்களைத் தொடங்கிவிட வேண்டும். ஒன்று, ஒரு நோட்டில் ஒவ்வொரு பழுதையும் தேதி, கிலோமீட்டர், தொகை, கார் எத்தனை நாள் நின்றது என்பவற்றோடு எழுதிவருவது. மனம் கடைசியாக வந்த பில்லை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். நோட்டு ஆண்டு மொத்தத்தைக் காட்டும். செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா, ஒரு பருவத்தில் உயர்ந்து மறுபடி அடங்குகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். இரண்டு, கார்க் கடன் இல்லாத இந்தக் காலத்திலேயே, அடுத்த காருக்குக் கட்டப்போகும் தவணையை இன்றிலிருந்து தனிக் கணக்கில் போட்டுவருவது. அந்தத் தொகையை மாதாமாதம் ஒதுக்கக் குடும்பத்தால் முடிகிறதா என்பது கடன் வாங்கும் முன்பே தெரிந்துவிடும். முடிந்தால் முன்பணம் சேரும், முடியாவிட்டால் எந்த விலைக்கு மேல் போகக் கூடாது என்பது தெளிவாகும்.

ஆகவே கேட்டவருக்கு என் பதில்: அடிச்சட்டமும் என்ஜின் அழுத்தமும் சரியாக இருந்தால், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், சஸ்பென்ஷன் மூன்றையும் செய்துவிடுங்கள், ஏ.சி.யை இரண்டாவது கருத்து கேட்ட பிறகு பாருங்கள், இரண்டு ஆண்டுக்குப் பணம் சேர்த்துவிட்டு மாற்றுங்கள். லிஃப்டில் ஏற்றிப் பார்க்கும் சோதனையைப் பெல்ட் மாற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும். பின்னால் செய்தால் பெல்ட்டின் பணம் துருப்பிடித்த காரில் போய்ச் சேரும்.

வாங்கும் நாள் வரும்போது, மூன்று முதல் ஆறு வயதுக்குள் இருக்கும் காரைத் தேடுவது பெரும்பாலோருக்குப் பொருந்தும். புதுக் கார் முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையும் நான்கைந்து ஆண்டுகளில் பாதியையும் இழப்பது பல சந்தைகளில் வழக்கம். அந்த இழப்பை முதல் உரிமையாளர் ஏற்றுக்கொண்ட பிறகு, ஆயுள் பெரிதும் மிச்சமிருக்கும் நிலையில் நீங்கள் நுழைகிறீர்கள். மறுவிற்பனை மதிப்பு இறங்காத சில மாடல்களில் மூன்று வயதான காருக்கும் புதியதற்கும் வித்தியாசம் குறைவாக இருக்கும். அங்கே புதியதை வாங்குவதே சரியாகவும் அமையலாம். நிறைய விற்பனையான, எந்த மெக்கானிக்கும் கை வைக்கத் தயங்காத, உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் மாடலைப் பாருங்கள். அதே விலைக்குக் கிடைக்கும் பத்து வயதான சொகுசுக் கார் ஆசை காட்டும். அதன் விற்பனை விலை விழுந்திருக்கிறதே தவிர, அதன் ஏர் சஸ்பென்ஷனின் விலையும் கியர் பாக்ஸின் விலையும் புதுக் காரின் தரத்திலேயே நிற்கின்றன. குறுகிய தூரமே ஓட்டுகிறவர் டீசலைத் தவிர்க்க வேண்டும். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சூடான ஓட்டம் தேவை. பழைய மின்சாரக் கார் என்றால் பேட்டரியின் எஞ்சிய கொள்ளளவு எத்தனை சதவீதம் என்ற அறிக்கையைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது; பல தயாரிப்பாளர்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள், அதில் எவ்வளவு மிச்சம் என்பதே விலையைத் தீர்மானிக்க வேண்டும்.

கடனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘மாதம் எவ்வளவு கட்ட முடியும்?’ என்று விற்பவர் கேட்டால் அதற்குப் பதில் சொல்லாதீர்கள். காலத்தை நீட்டினால் எந்த விலையையும் எந்த மாதத் தொகைக்குள்ளும் அடக்கிவிடலாம். ஆண்டுக்கு 10 சதவீதத்தில், குறையும் அசலின் மேல் வட்டி கணக்கிடும் 100 கடனுக்கு, 3 ஆண்டில் முடித்தால் வட்டி ஏறக்குறைய 16. 7 ஆண்டுக்கு இழுத்தால் 39. தவணை பாதியாகத் தெரியும், வட்டி இரண்டு மடங்குக்கு மேல் போகும். அது மட்டுமல்ல: 7 ஆண்டுக் கடனில் 3 ஆண்டு தவறாமல் கட்டிய பிறகும் அசலில் 65 பாக்கி இருக்கும். அந்த நேரத்தில் காரின் விலை அதைவிடக் கீழே இறங்கியிருந்தால், விற்றாலும் கடன் தீராது. விபத்தில் கார் முற்றிலும் அழிந்தால் இன்சூரன்ஸ் தொகை போக மீதியைக் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். நிலை வட்டி என்று சொல்லப்படும் முறையில் இன்னும் கவனம் தேவை. அங்கே நீங்கள் எவ்வளவு அசலைத் திருப்பிக் கட்டியிருந்தாலும் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி மாதம் வரை வட்டி போடுவார்கள். 10 சதவீத நிலை வட்டியில் 3 ஆண்டுக் கடன் என்பது, குறையும் அசல் கணக்கில் ஏறக்குறைய 18 சதவீதத்துக்குச் சமம். இரண்டு இடங்களின் கடனை ஒப்பிடும்போது சதவீதத்தைப் பார்க்காமல், கடைசித் தவணை வரை கட்டப்போகும் மொத்தத் தொகையையும் கடன் கைக்கு வருமுன் கழிக்கும் கட்டணங்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய காருக்கு 4 ஆண்டைத் தாண்டாத கடன் என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் எல்லை. அதற்குள் அடங்காத கார் உங்களுக்கு அதிக விலையுள்ள கார்.

காரைப் பார்க்கப் போகும்போது என்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த என்ஜினை முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது குறையைக் காட்டிக்கொடுக்கும் சத்தமும் புகையும் என்ஜின் சூடேறிய பிறகு மறைந்துவிடக்கூடியவை. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். குறைவாக ஓடியதாகச் சொல்லப்படும் காரில் இரண்டாவது, மூன்றாவது செட் டயர் இருந்தால் ஓடோமீட்டரைச் சந்தேகிக்கலாம்; பெடல் ரப்பரின் தேய்மானமும் ஸ்டீயரிங்கின் வழவழப்பும் அதே கதையைச் சொல்லும். சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுங்கள். விற்பவர்கள் காரைக் கழுவுவார்கள், இருக்கையைச் சுத்தம் செய்வார்கள், சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டின் கடைசி முழத்தை மட்டும் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். வெள்ளத்தில் நின்ற காரில் அங்கேதான் சேற்றின் கறை கோடு போட்டிருக்கும். பெல்ட்டின் மேல் புதுத் தேதி இருந்தால், அது ஏன் மாற்றப்பட்டது என்று கேளுங்கள்.

கம்ப்யூட்டர் சோதனைக்கான ஓ.பி.டி. சாக்கெட் 1996-லிருந்து அமெரிக்காவிலும் 2001-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் புதுப் பெட்ரோல் கார்களிலும் கட்டாயமானது. இன்று ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிறது. சிறிய ரீடர் ஒன்றைச் சொருகினால் பதிவான கோளாறுகள் தெரியும். கோளாறு ஏதும் இல்லை என்று காட்டினால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். நீங்கள் வருவதற்கு முன் காலையில்தான் அழித்திருந்தாலும் அப்படித்தான் காட்டும். ஆனால் அழித்த பிறகு காரின் கணினி தன் சோதனைகளை மறுபடி ஓட்டி முடிக்கப் பல பயணங்கள் பிடிக்கும். அதுவரை ரீடரில் பல சோதனைகள் ‘முடியவில்லை’ என்றே நிற்கும். கோளாறு இல்லை, சோதனைகளும் முடியவில்லை என்று இரண்டும் சேர்ந்து வந்தால், எச்சரிக்கை விளக்கை யாரோ அண்மையில் அணைத்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். இரண்டில் எது என்று விளங்கும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள். இவ்வளவும் நீங்களே பார்த்த பிறகு, விற்பவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு மெக்கானிக்கிடம் கட்டணம் கொடுத்து லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள். அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரோடு மேற்கொண்டு பேசத் தேவையில்லை.

பழைய காரை விற்பதற்கு, புதிதாக வாங்கும் இடத்திலேயே மாற்றிக்கொள்வது எளிது. நேரடியாக ஒருவருக்கு விற்பது கூடுதல் பணம் தரும். முதல் வழியில் போனால், வாங்கும் காரின் விலையை முதலில் தனியாகப் பேசி எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகே உங்கள் காரைப் பற்றிப் பேச்செடுங்கள். இரண்டையும் கலந்து பேசினால், பழைய காருக்கு ‘நல்ல விலை’ கொடுத்ததாகக் காட்டிவிட்டு மற்றதில் அதைச் சேர்த்துவிடுவார்கள். விற்பதற்காகப் பெயிண்ட் அடிப்பது, பெரிய பழுது பார்ப்பது ஆகியவற்றில் போட்ட பணம் முழுதாகத் திரும்பி வருவது அரிது. கழுவி, உள்ளே சுத்தம் செய்து, எரியாத பல்பை மாற்றி, நோட்டையும் சர்வீஸ் பில்களையும் ஒரு கோப்பில் வைத்தால் போதும். தெரிந்த குறைகளை வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். அந்தக் காரில் இனி அவருடைய குடும்பம் போகப்போகிறது. பணம் கைக்கு வந்தாலும், உரிமை மாற்றம் அரசுப் பதிவில் ஏறியதற்கான சான்றைப் பெறும் வரை இன்சூரன்ஸை நிறுத்தாதீர்கள். இடைப்பட்ட நாளில் நடக்கும் விபத்துக்கும் அபராதத்துக்கும் பதிவில் இருக்கும் பெயரைத்தான் தேடி வருவார்கள். ஒப்படைக்கும் முன், காரின் திரையில் சேர்ந்திருக்கும் தொலைபேசி எண்களையும் வீட்டு முகவரியையும் அழித்துவிட்டு, சுங்கச் சாவடிக்கான அட்டை ஒட்டியிருந்தால் அதையும் கழற்றிக்கொள்ளுங்கள்.